முயலின் ஆன்டிபாடி வகைகள்: பழைய சொத்தா, பின்னால் வந்த கலப்பா?

1956-ல் பிரெஞ்சு நோயெதிர்ப்பு ஆய்வாளர் ழாக் ஊதென் முயல் சீரத்தில் அல்லோடைப்புகளை, அதாவது ஒரே இனத்துக்குள் முயலுக்கு முயல் வேறுபடும் பரம்பரை ஆன்டிபாடி வகைகளை, கண்டுபிடித்தார். பின்னால் தெளிவான ஏ1, ஏ2, ஏ3 வகைகளின் அடையாளம், ஆன்டிபாடியின் பெரிய புரதச் சங்கிலியில் (கனச் சங்கிலி), ஆன்டிபாடிக்கு ஆன்டிபாடி வேறுபடும் மாறுபகுதியில், கிருமியைப் பிடிக்கும் வளையங்களில் இல்லை. அவற்றைத் தாங்கும் சட்டகத்தில் இருக்கிறது. சாதாரண அல்லீல்கள் (ஒரே ஜீனின் மாற்று வடிவங்கள்) ஓரிரு அமினோ அமிலங்களில்தான் மாறுபடும். இங்கே பல இடங்கள் ஒருசேர மாறியிருக்கின்றன.

ஒரு விளக்கம், இவை பழைய கிளைகள் என்பது. பரிணாம ஆய்வாளர்கள் சூவும் நெயும் 1999-ல் இந்தப் பன்மைக்குச் சுமார் 5 கோடி ஆண்டு வயது சொன்னார்கள். ஓரிக்டோலேகஸ், லீபஸ் என்ற இரண்டு முயல் பேரினங்கள் பிரிந்ததோ ஏறத்தாழ 1.2 கோடி ஆண்டுக்கு முன். (தமிழில் இரண்டுமே முயல்தான். நம் காடுமேடுகளில் ஓடுவது லீபஸ், பண்ணையில் வளர்வது ஓரிக்டோலேகஸ்.) அப்படியானால், பண்ணை முயலின் ஏ2-க்கு அதன் சொந்த ஏ1-ஐவிட லீபஸின் ஒரு ஜீன் நெருக்கமாக இருக்க வேண்டும். ஏ2-ஐ ஒத்த வரிசைகள் லீபஸில் கிடைக்கவும் செய்தன.

இன்னொரு விளக்கம் ஜீன் கன்வெர்ஷன். மாறுபகுதி ஜீன்கள் நூற்றுக்கும் மேல் வரிசையாகக் கிடக்கின்றன. ஒன்றின் துண்டு மற்றொன்றில் படியலாம். இது மட்டுமே காரணமென்றால், ஓரினத்தின் ஜீன்கள் தங்களுக்குள்தான் அதிகம் ஒத்துப்போகும். லீபஸ் தனிக் கொத்தாக நிற்கும். இதைத் தூக்கிப் பிடிப்பவர்கள் அடிக்கடி வழுக்கும் இடம் ஒன்று உண்டு: குட்டி முயலின் குடல்வாலில், ஆன்டிபாடி செய்யும் பி செல்கள் செய்யும் கன்வெர்ஷனைச் சாட்சிக்கு இழுப்பது. அது உடற்செல் மாற்றம், குட்டிகளுக்குப் போகாது. விந்திலோ முட்டையிலோ நடந்தால்தான் பரிணாமக் கணக்கில் சேரும்.

ஏ வகைகளின் தோற்றத்துக்கு முதல் விளக்கமே வலுவானது. பழைய வகைகள் இத்தனை காலம் நிலைக்க இயற்கைத் தேர்வு துணைநிற்க வேண்டும். அந்தத் தேர்வு சட்டகத்தின் மேலும் விழுகிறது என்பதற்கு அலிசியா என்ற பிறழ்வு முயல் சாட்சி: வழக்கமாக ஏ2-ஐத் தரும் விஎச்1 என்ற மாறுபகுதி ஜீனை இழந்த அதில் முதலில் ஏ2 மிகக் குறைவு, வளர வளர, ஏ2 போன்ற சட்டகமுள்ள பி செல்கள் பெருகுகின்றன. சிறு ஒட்டுத் துண்டுகளை மட்டும் கன்வெர்ஷனுக்கு விட்டுக்கொடுக்கலாம்.

இரண்டில் எது என்று சோதிக்கும்போது மண்ணீரலை எடுக்காதீர்கள். அங்கே பி செல்களின் மாறிய வரிசைகள் கலந்துவிடும். தசை டிஎன்ஏ எடுத்து, ஒரு பிரைமரை (நகலெடுப்பைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) ஜீனுக்குப் பின்னுள்ள மறுசேர்க்கைக் குறிக்கு, அதாவது பி செல் ஜீனை வெட்டி மற்ற துண்டுகளோடு சேர்க்கும் இடத்துக்கு, அப்பால் வையுங்கள். அப்படிச் சேராத ஜீன் மட்டுமே பெருகும். இவ்வளவு ஒத்த ஜீன்கள் ஒரே குழாயில் இருந்தால், டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆரே பொய்க் கலப்புகளை உண்டாக்கும். சுழற்சிகளைக் குறைத்து, தனித்தனியாக இரண்டு முறை ஓட்டி, இரண்டிலும் வந்ததை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சட்டகத்தின் முதல் பகுதிக்கும் மூன்றாம் பகுதிக்கும் தனித்தனிப் பரிணாம மரம் வரையுங்கள். இரண்டும் முரண்படும் ஜீனில்தான் கன்வெர்ஷனைத் தேட வேண்டும்.