காளான் அறைக்கு வாங்கிய தெர்மோஸ்டாட்: ஒரு குளிர்காலம் ஓட்டிப் பார்த்த பிறகு

போன குளிர்காலத்தில் ராத்திரி 2 மணிக்கு எழுந்து ஹீட்டரை அணைப்பது என் வேலையாக இருந்தது. இந்த முறை அதை ஒரு சின்னப் பெட்டியிடம் விட்டுவிட்டேன். ஒரு பக்கம் சென்சார் ஒயர், இன்னொரு பக்கம் ஹீட்டரைச் சொருகும் இடம். வைத்த டிகிரிக்குக் கீழே போனால் மின்சாரம் விடும், எட்டியதும் நிறுத்தும்.

முதல் ராத்திரியே சறுக்கல். என்னிடம் இருந்தது பட்டன் வைத்த டிஜிட்டல் ஹீட்டர். கரண்ட் போய் வந்தால் அது தானாக எழுந்திருக்காது, யாராவது அமுக்க வேண்டும். பெட்டி தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது, ஹீட்டர் தூங்கிக்கொண்டே இருந்தது. விடியும்போது அறையில் 13 டிகிரி. குமிழைத் திருகும் பழைய மாதிரி எண்ணெய் ஹீட்டர்தான் இதற்குச் சரி. கூட வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஹீட்டரின் வாட்ஸ் பெட்டி தாங்கும் அளவுக்குள் இருக்கிறதா என்பதையும் நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, சென்சாரை ஐஸ் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். 0 காட்டவேண்டிய இடத்தில் 1.3 காட்டியது. நல்லவேளை, திருத்திக்கொள்ளும் வசதி உள்ளேயே இருக்கிறது. ஹீட்டர் அடிக்கடி டக் டக்கென்று அடித்துக்கொண்டதால், அது நிற்கும் டிகிரிக்கும் மறுபடி ஓடத் தொடங்கும் டிகிரிக்கும் உள்ள இடைவெளியையும் 1.5 டிகிரிக்கு மாற்றினேன். அதன்பின் அமைதி.

சென்சாரை எங்கே வைப்பது என்பதில்தான் எனக்கு ஒரு மாதம் போனது. முதலில் சுவரில் தொங்கவிட்டு 24 வைத்தேன். சிப்பிக் காளான் வித்து பரவ அது நல்ல வெப்பம்தானே! ஆனால் வைக்கோல் பைக்குள் தெர்மாமீட்டரைச் செருகினால் 29. வித்திலிருந்து பரவும் காளான் இழை தானே சூட்டை உண்டாக்குகிறது, பைகளை நெருக்கி அடுக்கினால் அது வெளியேறவும் வழியில்லை. இப்போது நடு அடுக்கில் இரண்டு பைகளுக்கு நடுவே சென்சாரைக் கட்டி, 22 வைத்திருக்கிறேன்.

கட்டி என்று சொன்னது சும்மா இல்லை. ஒரு ராத்திரி அது கழன்று தரையில் விழுந்துவிட்டது. குளிர்காலத்தில் தரை எப்படி இருக்கும்? பெட்டி அதை அறையின் குளிர் என்று நம்பி ஹீட்டரை விடாமல் ஓட்டியது. மேல் அடுக்கில் காற்றே 33. பைக்குள் எவ்வளவு இருந்ததோ, நான்கு பைகள் மஞ்சள் தண்ணீர் விட்டன, இரண்டில் பச்சைப் பூசணம் வந்தது. சென்சார் ஒயர் அறுந்தால் இந்தப் பெட்டி பிழை காட்டி ஹீட்டரை நிறுத்திவிடுகிறது (வேண்டுமென்றே கழற்றிச் சோதித்தேன்), விழுந்தால் அதற்குத் தெரிவதில்லை. அதிக வெப்பத்துக்குக் கத்தும் அலாரம் இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். அப்புறம் ஒரு சின்ன ஃபேன் வைத்ததில் மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்குமான வித்தியாசம் பெரும்பாலும் போய்விட்டது.

மொட்டு விடும் அறைக்கு இதை அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. என் சாம்பல் சிப்பிக்கு 15, 16 டிகிரி போதும், குளிர் அதற்குப் பிடிக்கும். ஒரு தடவை அவசரப்பட்டு 15-லிருந்து 22-க்கு ஏற்றினேன். 90 சதவீதம் இருந்த ஈரப்பதம் 60-க்குக் கீழே இறங்கி, மொட்டுகள் நுனி கருகி நின்றுவிட்டன. அறையில் இருந்த நீராவி அதேதான், காற்று சூடானதால் ஈரப்பதம் விழுந்தது. இதற்காகப் பெட்டியைக் குறை சொல்ல முடியாது. குளிருக்குப் பயந்து ஜன்னலை முழுக்க அடைத்த வாரத்தில் காம்பு நீண்டு குடை சிறுத்துப் போனதும் என் தப்புதான்.

இளஞ்சிவப்புச் சிப்பி மட்டும் வேறு கதை. அதற்குக் குளிர் ஆகவே ஆகாது, அதை வளர்க்கிறவர்கள் மொட்டு அறைக்கும் இன்னொரு பெட்டி வாங்கத்தான் வேண்டும்.

5-க்கு 4 தருவேன். அலாரம் இல்லாததற்கும் ஒயர் குட்டையாக இருப்பதற்கும் சேர்த்து ஒன்றைக் குறைத்தேன். கரண்ட் போய் வந்தாலும் வைத்த அளவுகளை மறப்பதில்லை. எண்கள் எரியும் நீல விளக்கு மட்டும் இருட்டில் கண்ணைக் குத்துகிறது, மேலே கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன்.