காயாத கலர்: ஹப்புத்தளையில் மூன்று வருடம்

பண்டாரவளைத் தங்கச்சி ஒருத்தி நேற்றுக் கேட்டாள்: "அக்கா, உங்கட வாட்டர்கலர் பெட்டி இப்ப விலை குறைஞ்சிருக்கே, வாங்கட்டா?"

மூன்று வருடமாக, ஹப்புத்தளைக்கு மேலே இருக்கிற லிப்டன் சீட் என்ற மலைமுனைக்கு, படம் வரைய நான் தூக்கிக்கொண்டு போவது இந்தப் பெட்டியைத்தான். 12 வில்லை, சட்டைப்பைக்குள் அடங்கும், நிறங்களில் குறையில்லை. அதெல்லாம் அவளுக்கே தெரியும். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: இது காயாது.

இந்த வில்லைகளில் பிசினோடு தேனும் சேர்ந்திருக்கிறது. ஈரத் தூரிகை பட்டதும் நிறம் எழும்பி வருவது அதனால்தான். அறுகம்குடாவில் பாறை மேல் இருந்து வரைந்தபோது கடற்காற்றில் எல்லாமே நொடியில் உலர்ந்தன. இந்த வில்லைகள் மட்டும் வெடிக்காமல் மென்மையாகவே இருந்தன. அன்று இதைக் கொண்டாடினேன். ஆனால் தேன் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். ஹப்புத்தளை 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். ஐப்பசி மழை தொடங்கினால் வில்லைகள் தொதல் மாதிரிப் பிசுபிசுவென்று ஆகிவிடும். பச்சை வழிந்து மஞ்சளுக்குள் போகும். போன மார்கழியில் காவி வில்லையில் பூஞ்சணமே பிடித்திருந்தது.

நான் லிப்டன் சீட்டுக்குப் போவது ஒரு கோட்டுக்காக. வானம் தெளிந்த விடியலில், தேயிலை மலைகளையும் கீழே விரியும் சமவெளியையும் தாண்டி, தெற்கே கடல் மெல்லிய கோடாகத் தெரியும். முதலில் வானத்தைப் பூசி, அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் அந்தக் கோட்டைப் போட முடியும். ஈரத்தில் போட்டால் பரவிவிடும். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் கீழிருந்து மூடுபனி ஏறிவந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். கிடைக்கிற நேரத்தில் பாதி, பிளேன்டீ பிளாஸ்க்கின் சூட்டில் தாளைக் காயவைப்பதிலேயே போகிறது.

சரி, வானம் காயாததற்குப் பெட்டியைக் குறை சொல்ல முடியாது. அது மலைக்காற்றின் ஈரம். ஆனால் தேயிலைச் செடிக்குக் கனமாகப் போட்ட பச்சை வீட்டுக்கு வந்தும் பிசுபிசுத்தது, அது பெட்டியின் குற்றமேதான். போன ஞாயிறு கொப்பியை மூடி வைத்தேன். மறுநாள் திறந்தால் எதிர்ப்பக்கம் ஒட்டிக்கொண்டு, பச்சையோடு கடல்கோட்டையும் உரித்துக்கொண்டு வந்தது. இந்த வருடம் நான் போட்டதிலேயே நல்ல படம் அது. இன்னும் மனம் ஆறவில்லை.

இத்தனைக்கும், நான் விரும்புகிற தூரத்து நீலத்தை வேறு எந்தப் பெட்டியும் எனக்குத் தந்ததில்லை. விரல் விறைக்கிற குளிரில் ஒரே தொடுகையில் நிறம் எழும்பும். தேய்த்துக்கொண்டிருந்தால் அதற்குள் கடல் மறைந்துவிடும்.

தங்கச்சிக்கு வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். கரையோரம் போய் வரைவதாக இருந்தால் யோசிக்காமல் வாங்கலாம், மலையில் வேண்டாம். என்னுடையது இப்போது மூடி திறந்தபடி அடுப்படியில் காய்கிறது. ஞாயிறு மழை இல்லையென்றால், படங்களுக்கு நடுவே வைக்க எண்ணெய்த்தாளையும் எடுத்துக்கொண்டு, அதே பெட்டியோடுதான் மேலே போகப் போகிறேன்.