‘எதிக்கலி சோர்ஸ்டு’ காபி பாக்கெட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்குமுன்

பெரிய காபிக் கடைச் சங்கிலிகளில் கால் கிலோ பாக்கெட் வாங்குகிறவர்கள் கவனிக்கவும். முகப்பில் ‘எதிக்கலி சோர்ஸ்டு’ (நெறி தவறாமல் வாங்கியது) என்ற சொல், பக்கத்தில் பழம் பறிக்கும் கையின் படம். அதை நம்பிக் கூடுதலாகக் கொடுத்த பணம் தோட்டத்துக்குப் போய்ச் சேரும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அந்தச் சொல்லுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறை கிடையாது.

விதியை எழுதியது யார் என்று முதலில் பாருங்கள். ஸ்டார்பக்ஸின் காபிக் கொள்முதல் விதித் தொகுப்பான ‘கேஃப் பிராக்டீசஸ்’ 2004-இல் கன்சர்வேஷன் இன்டர்நேஷனல் என்ற சுற்றுச்சூழல் அமைப்போடு சேர்ந்து உருவானது. சோதிப்பவர்கள் வெளியாட்கள், விதிமுறையோ காபியை வாங்கும் நிறுவனத்துடையது. தங்கள் காபியில் 99 சதவீதம் இந்த வழியில் வாங்கியது என்று 2015-இல் அறிவித்தார்கள். 2024 ஜனவரியில் நேஷனல் கன்ஸ்யூமர்ஸ் லீக் என்ற அமெரிக்க நுகர்வோர் அமைப்பு, இந்த விளம்பரம் நுகர்வோரை ஏமாற்றுகிறது என்று வாஷிங்டனில் வழக்குப் போட்டது. நிறுவனம் அதை எதிர்த்து வாதாடுவோம் என்றது.

சோதனை எங்கே கோட்டைவிடுகிறது? பிரேசிலில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கீழே ஆயிரக்கணக்கான தோட்டங்கள் இருக்கும். மாதிரிக்குச் சிலவற்றைத்தான் பார்ப்பார்கள். அறுவடை பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை. கொத்தடிமை போல நடத்தப்படும் கூலிகள் அந்த மாதங்களுக்கு மட்டும் வருகிறவர்கள். மற்ற மாதத்தில் சோதிக்கப் போனால் காலிக் கொட்டகையைத்தான் பார்க்க முடியும்.

ஃபேர்டிரேட் என்ற நியாய வணிக முத்திரைக்கு உண்மையான அடிவிலை, அதாவது அதற்குக் கீழே வாங்கக் கூடாத விலை, உண்டு. கழுவிப் பதப்படுத்திய அரபிகா வகைக் காபிக்கு 2023 ஆகஸ்ட் முதல் பவுண்டுக்கு 1.80 டாலர், அதோடு கூட்டுறவுக்குத் தனியாக 20 சென்ட் பிரீமியம். கணக்குப் போடுங்கள்: ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் பச்சைக் கொட்டை, வறுத்தால் சுமார் 380 கிராம். இரட்டை எஸ்பிரெசோவுக்கு 18 கிராம் என்றால் 21 கோப்பை. பிரீமியம் கோப்பைக்கு ஒரு சென்ட் கூட இல்லை. அடிவிலையில் கொட்டைக்கான செலவே 9 சென்டுக்குள். ‘நெறி’ என்று சொல்லிக் கடைக்காரர் கோப்பைக்கு அரை டாலர் ஏற்றினால், மிச்சம் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். இந்த விலையும் துறைமுக விலைதான், அதாவது ஏற்றுமதிக்குக் கப்பலில் ஏற்றும்போது உள்ள விலை. பதப்படுத்தல், போக்குவரத்துச் செலவு போக மிச்சம்தான் விவசாயி கைக்கு வரும். 2025 தொடக்கத்தில் நியூயார்க் சந்தையில் காபி விலை பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியபோது அடிவிலைக்கு வேலையே இல்லை. அது விலை விழும்போது தாங்குவதற்கான ஏற்பாடு. ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் என்ற இன்னொரு சான்றளிப்பு அமைப்பின் தவளை முத்திரையில் அப்படி நிலையான அடிவிலை எதுவும் இல்லை.

அதே கடையின் சூடான சாக்லேட்டில் இன்னொரு சூட்சுமம். ஃபேர்டிரேட் காபிக் கொட்டையைத் தனியாகப் பிரித்தே கொண்டுவர வேண்டும். கோகோ, சர்க்கரை, தேயிலையில் ஃபேர்டிரேட் சரக்கையும் சாதாரணச் சரக்கையும் ஒன்றாகக் கலக்கலாம். ஃபேர்டிரேட்டாக வாங்கிய அளவும் விற்ற அளவும் கணக்கில் பொருந்தினால் போதும். முத்திரைக்குப் பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள்.

‘மக்கும் கோப்பை’யும் அப்படித்தான். உள்ளே பிஎல்ஏ என்ற தாவரப் பிளாஸ்டிக் பூச்சு இருந்தால் சுமார் 58 டிகிரி சூட்டில் இயங்கும் தொழிற்கூட உரக்கிடங்கில்தான் ஒழுங்காக மக்கும். வீட்டு உரக்குழியில் போட்டால் அப்படியே கிடக்கும்.

கவுண்டரில் மூன்றே கேள்வி: எந்தக் கூட்டுறவு, எந்த அறுவடை ஆண்டு, பவுண்டுக்குத் துறைமுக விலை எவ்வளவு? சிறிய வறுப்பாளர்கள் சிலர் இதைப் பாக்கெட்டிலேயே அச்சடிக்கிறார்கள். ‘எங்கள் வலைத்தளத்தில் இருக்கிறது’ என்று மட்டும் பதில் வந்தால் சாதாரண பாக்கெட்டின் விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.