மாரி மழையில் பிரேக்: ஏபிஎஸ் உள்ள காரா, இல்லாத பழைய வானா?

வீட்டில் இரண்டும் நிற்கின்றன. கார்த்திகை, மார்கழி மழையில் திருகோணமலை ரோட்டில் இரண்டையும் ஓட்டுகிறேன். ஆனால் இரண்டிலும் ஒரே மாதிரி பிரேக் பிடிக்கக் கூடாது.

கோட்டைப் பக்கம் மான்கள் திடீரென்று ரோட்டுக்கு வரும். ஒரு மழை மாலையில் அப்படி ஒன்று காருக்கு முன்னால் வந்து நின்றது. பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தேன். பெடல் காலடியில் கடகடவென்று அதிர்ந்தது. பயந்து காலை எடுத்துவிடாதீர்கள். சில்லு சுழலாமல் பூட்டிக்கொள்ளாதபடி ஏபிஎஸ் நொடிக்குப் பல தடவை பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கிற அதிர்வு அது. மிதித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்பி விலகினேன்.

வானில் அந்த மிதி மிதித்தால் சில்லு பூட்டிச் சறுக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரேதான் போகும். அதில் மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். வழுக்கத் தொடங்கினால் கொஞ்சம் விட்டு, மறுபடி அழுத்த வேண்டும். பதற்றத்தில் இது லேசில் வராது. அதனால் மழைக்கு என் தெரிவு கார்தான்.

சரி, ஏபிஎஸ் இருந்தால் உடனே நின்றுவிடுமா? இல்லை. நிலாவெளிப் பக்கம் போல ரோட்டில் மணல் கிடக்கும் இடத்தில் நிற்கும் தூரம் கூடவும் செய்யலாம். தேய்ந்த ரயருக்கும் அது மருந்தில்லை. முன்னால் போகும் வண்டிக்கு 2 செக்கன் இடைவெளி விடுபவர்கள் மழையில் 4 விடுங்கள், எதில் போனாலும்.

அப்புறம், வெள்ளத்துக்குள்ளால் வந்ததும் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்து, பிரேக்கை லேசாக மிதித்து ஈரத்தைக் காயவிடுங்கள். வானின் பின் டிரம் பிரேக் காய இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கும்.