ஒரு வாரம் பாய்மரப் படகில்: துருக்கியா, கிரேக்கமா, குரோஷியாவா?

நண்பர்களும் குடும்பமுமாக எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து மத்திய தரைக்கடலில் ஒரு வாரம் படகில் சுற்றலாம் என்று கிளம்பினால், பேச்சு பெரும்பாலும் மூன்று கரைகளில் வந்து நிற்கும்: துருக்கியின் தென்மேற்குக் கரை, கிரேக்கத்தின் அயோனியன் தீவுகள், குரோஷியாவின் டால்மேஷியா. படங்களில் மூன்றும் ஒரே நீலம்தான். படகை யார் ஓட்டப் போகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், மூன்றும் வேறு வேறு விடுமுறைகள் என்பது அப்போது புரியும்.

துருக்கியில் பெரும்பாலோர் ஏறுவது குலெட் எனப்படும் மரக்கலத்தில். பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு அறைகள் இருக்கும். கேப்டன், சமையல்காரர், உதவியாள் எல்லோரும் கூடவே வருவார்கள். உங்களில் யாருக்கும் படகோட்டும் உரிமம் தேவையில்லை. 1925-இல் தண்டனையாகப் போத்ரும் என்ற கடலோர ஊருக்கு அனுப்பப்பட்ட எழுத்தாளர் ஜெவாத் ஷாகிர் பின்னாளில் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு, கடற்பஞ்சு எடுப்பவர்களின் படகில் விரிகுடா விரிகுடாவாகச் சுற்றினார். அங்கிருந்து வந்ததுதான் துருக்கியர் 'நீலப் பயணம்' என்று சொல்லும் இந்த வழக்கம். அதே கரையிலுள்ள ஃபெத்தியே என்ற ஊரிலிருந்து கிழக்கே போனால் கெக்கோவா தீவு வரும். நிலநடுக்கத்தில் அமிழ்ந்துபோன ஊரின் சுவர்களும் படிக்கட்டுகளும் தெளிந்த நீருக்கடியில் தெரியும். எதிரே இருக்கும் கலேக்கோய் என்ற ஊருக்குச் சாலை கிடையாது. படகில் போகலாம், அல்லது நடக்கலாம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் இங்கே கவலை இல்லை. ஆலிவ் எண்ணெயில் சமைத்த காய்கறி, பருப்பு சூப், தயிர் என்று மேசை நிறைந்துவிடும்.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. குலெட் பெரும்பாலும் இன்ஜினில்தான் ஓடும். பாயை விரித்துக் காற்றில் போகும் சுகத்துக்காக வருகிறவர் ஏமாந்துபோவார்.

அந்தச் சுகம் வேண்டுமென்றால் அயோனியன். லெஃப்கடா, மெகனிசி, இத்தாக்கா, கெஃபலோனியா எல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் தீவுகள். கோடையில் காலைக் கடல் பெரும்பாலும் கண்ணாடிபோலக் கிடக்கும். மதியத்துக்குமேல் வடமேற்கிலிருந்து மைஸ்த்ரோ காற்று எழும்பி, மாலையில் அடங்கும். காலையில் நீச்சல், மதியம் பாய், சாயங்காலம் கரை என்று நாள் தானாகவே அமைந்துவிடும். புதியவர்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்காது.

இங்கே ஃப்ளோட்டில்லா என்று ஒரு முறை உண்டு. பல படகுகள் ஒன்றாகப் போகும், நிறுவனத்தின் வழிகாட்டிப் படகும் கூடவே வரும். ஓட்டுவது நீங்கள்தான்; ஒருவருக்கு உரிமமும், துணைக்கு இன்னொருவருக்குக் கொஞ்சம் அனுபவமும் இருக்க வேண்டும். உண்மையான பரீட்சை கரை சேரும்போதுதான். கொஞ்சம் தள்ளி நங்கூரத்தை இறக்கிவிட்டு, படகைப் பின்புறமாகவே ஓட்டிக் கரையை ஒட்ட வேண்டும். சங்கிலியை விடுபவர் ஒருவர், சுக்கானில் ஒருவர், கயிறு வீசுபவர் ஒருவர். பக்கத்துப் படகின் சங்கிலிமேல் உங்கள் நங்கூரம் விழுந்தால் மறுநாள் காலை இரண்டு படகுக்காரர்களுக்கும் வேலைதான். வழிகாட்டிக் குழுவினர் கரையில் நின்று கயிற்றைப் பிடித்துக் கட்டிக் கொடுப்பார்கள். முதல் நாள் கை நடுங்கியவர்கள் ஐந்தாம் நாள் சத்தமில்லாமல் படகைக் கட்டுவார்கள். ஒரு குழு குழுவாவது அப்போதுதான் என்று நான் நம்புகிறேன். பல சிற்றூர்களில் உணவகத்தின் சொந்தத் துறையிலேயே கட்டலாம். அங்கே சாப்பிட்டால் பெரும்பாலும் கட்டணம் கேட்க மாட்டார்கள். கெஃபலோனியாவின் ஃபிஸ்கார்தோவுக்குக் கட்டாயம் போங்கள். தீவின் மற்ற ஊர்களை இடித்துத் தள்ளிய 1953 நிலநடுக்கத்தில் பெரிதாகச் சேதப்படாமல் தப்பிய ஊர் அது.

டால்மேஷியாவின் பலம் அதன் கல் ஊர்கள். ஸ்பிளிட் நகரில் ரோமப் பேரரசன் டயோக்ளீஷியனின் அரண்மனைக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். ஹ்வார் தீவின் ஸ்டாரி கிராடில், கிரேக்கக் குடியேறிகள் கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் பிரித்த வயல் எல்லைகள் அப்படியே இருக்கின்றன. விஸ் தீவு ராணுவத் தளமாக இருந்ததால் 1989 வரை வெளிநாட்டவரை விடவில்லை. அதனாலேயே அந்த அமைதி மிச்சம் இருக்கிறது. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் ஹ்வார் துறையில் இடம் பிடிப்பது பெரும்பாடு, மரினா எனப்படும் படகு நிறுத்துமிடங்களின் கட்டணமும் கையைக் கடிக்கும். மலையிலிருந்து திடீரென்று இறங்கும் 'பூரா' என்ற காற்றையும் அலட்சியம் செய்யக் கூடாது. படகை ஓட்ட அனுபவமுள்ள ஸ்கிப்பர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வதுதான் நல்லது.

செலவை ஒப்பிடும்போது கவனமாக இருங்கள். குலெட்டில் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்று சாப்பாட்டோடு சேர்த்துச் சொல்வார்கள். மற்ற இரண்டிலும் படகு வாடகைதான் கண்ணில் படும். டீசல், துறைக் கட்டணம், பிணைத்தொகை, சாப்பாடு எல்லாம் அப்புறம் வரும்.

என்னைக் கேட்டால், வயதானவர்களும் நீச்சல் தெரியாதவர்களும் இருக்கும் குழுவுக்குக் குலெட். பாதிப் பேராவது கயிறு பிடிக்க ஆசைப்பட்டால் தயங்காமல் அயோனியன். டால்மேஷியாவை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் செப்டம்பரில் போங்கள். தண்ணீர் இதமாக இருக்கும், துறைகளில் நெரிசல் குறைந்திருக்கும்.