'வெக்கை'யில் மகன், 'அசுர'னில் அப்பன்

பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்தது. அதிலிருந்து வெற்றிமாறன் எடுத்த 'அசுரன்' 2019இல். ஒரே கொலை, ஒரே தலைமறைவு. ஆனால் இது யாருடைய கதை என்று கேட்டால் நாவல் மகனைக் காட்டும், படம் அப்பனைக் காட்டும்.

நாவல் எடுத்த எடுப்பிலேயே சிதம்பரத்தோடு ஓடுகிறது. பதினைந்து வயதுப் பையன். அண்ணன் சாவுக்குப் பழிவாங்க, நிலக்காரன் வடக்கூரானின் கையை மட்டும் வெட்டத்தான் போனான், வடக்கூரான் செத்தே போய்விட்டான். அப்புறம் எட்டு நாள் அய்யாவும் மகனும் கரிசல் காட்டில் ஒளிந்து திரிகிறார்கள். துரத்தலைவிடப் பசிக்குத்தான் பூமணி அதிக இடம் கொடுக்கிறார். தண்ணீர் எங்கே கிடைக்கும், எதைப் பொங்கித் தின்பது, ராத்திரி எங்கே படுப்பது. கொலை செய்த கையோடு அந்தப் பையன் அய்யாவிடம் எதையாவது கேட்டுக்கொண்டே நடக்கிறான். அவரும் அதட்டாமல் பதில் சொல்லிக்கொண்டே வருகிறார். அந்தப் பேச்சில்தான் எனக்கு நெஞ்சு அடைத்தது.

படத்தில் அப்பன் சிவசாமி (தனுஷ்) முன்னால் வந்துவிடுகிறார். அவருடைய இளமைக் காலம் வெற்றிமாறன் சேர்த்தது: தலித்துகளுக்கென்று வெள்ளைக்கார அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலத்துக்கான போராட்டம், செருப்புப் போட்டு நடந்ததற்காக ஒரு பெண் படும் அவமானம், கடைசியில் எரிகிற குடிசைகள். 1968இல் தலித் கூலிகள் குடும்பத்தோடு குடிசையில் எரிக்கப்பட்டு 44 பேர் பலியான கீழ்வெண்மணியை நினைக்காமல் அந்தத் தீயைப் பார்க்க முடியாது. நாவல் சாதிப் பெயர் சொல்லாமல் உணர்த்துவதைப் படம் வரலாறாக விரித்துச் சொல்கிறது. அது தேவையான வேலைதான்.

மூத்த மகனை மீட்பதற்காகச் சிவசாமி ஊர் ஆண்கள் ஒவ்வொருவர் காலிலும் விழுந்து எழும் இடத்தில் தனுஷின் முதுகும் முழங்காலுமே நடிக்கின்றன. அவருக்குக் கிடைத்த தேசிய விருதுக்கு அந்த ஒரு காட்சியே போதும். ஆனால் அவர் ஆயுதத்தைச் சுழற்ற ஆரம்பித்ததும் தியேட்டர் விசிலடிக்கிறது, பையனின் பயம் ஓரமாக ஒதுங்கிவிடுகிறது. எனக்கு அது பெரிய இழப்பு.

முடிவும் அப்படித்தான். படத்தில் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளும் அப்பன், காட்டையும் காசையும் பிடுங்குவார்கள், படிப்பைப் பிடுங்க முடியாது என்று மகனுக்குச் சொல்லிவிட்டுப் போகிறார். நாவலில் அந்தப் புத்திமதி கிடையாது. சரணடையக் கிளம்புகிறார்கள், அவ்வளவுதான். இரண்டில் ஒன்று என்றால் நான் 'வெக்கை'யைத்தான் எடுப்பேன். படத்தை முதலில் பார்த்தவர்களுக்குக் கொஞ்சப் பக்கம் வரை தனுஷ் முகம்தான் தெரியும், எனக்கும் தெரிந்தது. காட்டில் முதல் ராத்திரி வந்ததும் அது மறைந்து, ஒரு கரிசல்காட்டு அய்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.