வைஸ் இதழின் பழைய பிரதிகள்: ஒரு மதிப்பீடு

கவின் மெக்கின்ஸ், சுரூஷ் ஆல்வி, ஷேன் ஸ்மித் ஆகிய மூவரும் 1994இல் கனடாவின் மொன்றியல் நகரில் 'வாய்ஸ் ஆஃப் மொன்றியல்' என்ற பெயரில் தொடங்கி, பின்னர் 'வைஸ்' என்று பெயர் மாற்றிய இதழ், விளம்பர வருவாயை நம்பி இலவசமாக வழங்கப்பட்டது. பெரிய நாளேடுகள் தொடத் தயங்கிய போதைப்பழக்கம், பாலியல், தெருவோர வாழ்க்கை ஆகியவற்றை இளைஞர்களின் பேச்சுநடையில் எழுதிய துணிச்சலுக்காக அதை இன்றும் பாராட்டுவேன்.

ஆனால், தெருவில் சென்றவர்களின் படங்களை அச்சிட்டு, அவர்களின் உடையை மெச்சியும் இழித்தும் மெக்கின்ஸ் குறிப்பெழுதிய 'டூஸ் அண்ட் டோன்ட்ஸ்' பகுதியை என்னால் மனவருத்தமின்றிப் படிக்க முடியவில்லை. பதில் சொல்ல வாய்ப்பே இல்லாத ஒருவரை ஏளனம் செய்வதே அங்கு நகைச்சுவையாக விற்கப்பட்டது. 2008இல் நிறுவனத்திலிருந்து விலகிய அவர், 2016இல் 'பிரவுட் பாய்ஸ்' என்ற தீவிர வலதுசாரி அமைப்பைத் தொடங்கியபோது, அதே ஏளனம் பெண்ணியத்துக்கும் குடியேறிகளுக்கும் எதிரான அரசியலாக மாறியிருந்தது. 2018 நவம்பரில் அவ்வமைப்பிலிருந்து விலகுவதாக அவர் அறிவித்தார். 2021 பிப்ரவரியில், அவர் வளர்ந்த கனடாவே அதைப் பயங்கரவாத அமைப்புகளின் பட்டியலில் சேர்த்தது. அவரின்றி உலகளாவிய ஊடக நிறுவனமாக வளர்ந்த வைஸும் 2023 மே மாதத்தில் திவால் பாதுகாப்பு கோரியது.

பொழுதுபோக்குக்காக இப்பிரதிகளைப் பரிந்துரைக்க மாட்டேன். ஊடக வரலாறு பயில்வோர், அந்தப் படக்குறிப்புகளை மெக்கின்ஸின் பிற்கால அரசியல் உரைகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.